ஜெயித்துக்கொண்டிருந்தவரை நிறுத்தினேன்

வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் புதிதாகத் தைத்து வைத்துக்கொண்டு, எப்போது ரிங்குக்குள் ஏறலாம் என்று காத்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே! சட்டதிட்டங்கள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெல்ட்டுக்குக் கீழே குத்தினால் என்ன செய்வது, கட்டிப் பிடித்தால் எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். என்னிடம் அதைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். நான் சொல்ல வந்தது புத்தகத்தில் இல்லாத ஒரு மாலை வேளையைப் பற்றி. இன்று நினைத்தாலும் என்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அதற்கு முன்னால் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிட வேண்டாம். நான் நடுவராக ஏறிய முதல் சண்டையில் ஒருவன் மல்லாந்து விழுந்தான். எனக்கு வந்த உற்சாகத்தில் ஐந்துக்கு அப்புறம் ஏழு எண்ணிவிட்டேன். விழுந்து கிடந்தவனே தலையைத் தூக்கி, "சார், ஆறு எங்கே?" என்று கேட்டான். கேட்கத் தெரிகிறவனுக்கு எழுந்து நிற்கவும் தெரிந்தது. அப்புறம் அவன்தான் ஜெயித்தான். மலாக்காவில் ரொம்ப நாள் வரைக்கும் என்னைப் பார்த்தால் "ஆறு எங்கே கிராணி?" என்று கிண்டல் செய்வார்கள்.

ஆமாம், பகலில் நான் கிராணி. தண்ணீர் இலாகாவில் பேனா பிடிக்கிற வேலை. வீடு காஜா பேராங்கில். சனிக்கிழமை ஆனால் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்துப் பட்டணத்துக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்விடுவேன். ஒரு பக்கம் ரோங்கெங் ஆட்டம், ஒரு பக்கம் ராட்டினம், நடுவில் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே குத்துச்சண்டை ரிங். சீனர், மலாய்க்காரர், தமிழர், போர்த்துக்கீசிய வழி வந்த செராணி என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து கத்திய இடம் அது ஒன்றுதான். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் எலும்பெல்லாம் கிளுகிளுக்கும்!

என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டு வந்தவர் ஒரு செராணி நடுவர். தன் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்பார், அதனால் சொல்லவில்லை. அவர் ஒரே ஒரு சண்டையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசுவார். மூவாரில் நடந்தது. பழைய பிலிப்பினோ சாம்பியன் ஒருவர், வயதாகிப்போய், காசுக்கு ஆசைப்பட்ட மேனேஜர் இழுத்து வந்து நிறுத்திய சண்டை. ஐந்தாவது ரவுண்டிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். "எவ்வளவு பெரிய ஆளு, எப்படி நான் கையை நீட்டித் தடுக்கிறது" என்று என் குரு இன்னும் இரண்டு ரவுண்டு விட்டுவிட்டார். முடிந்த பிறகு உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பார்த்தால், அந்த மனிதர் வலது கால் சப்பாத்தை இடது காலில் மாட்டப் பார்த்துக்கொண்டு, இது எந்த ஊர் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இதைச் சொல்லும்போது என் குருவின் கோப்பி ஆறிப்போய்விடும், குடிக்கவே மாட்டார். மரியாதை காட்டுவதாக இருந்தால் கயிற்றுக்கு வெளியே வந்து காட்டு, உள்ளே காட்டாதே என்று மட்டும் சொல்வார். எனக்கு அது புரிந்த மாதிரி இருந்தது. மணியம் அண்ணன் ரிங்குக்குள் ஏறிய நாள் வரைக்கும்தான் அப்படி இருந்தது.

பேட்லிங் மணியம்! உங்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. யுத்தத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரைக்கும் அவர் சுவரொட்டி ஒட்டாத சுவர் இல்லை. தோட்டத்தில் பிறந்து, காஜா பேராங்கில் ஒரு தகரக் கொட்டகையில் குத்துப் பழகி, அந்த எடையில் இந்த நாட்டிலேயே முதல் ஆளாக வந்தவர். இடது கையை நீட்டினால் எதிராளி மூக்கில் ஒட்டிக்கொண்டு வரும். காலோ, தரையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. என்னைவிட பத்து வயதுக்கு மேல் மூத்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதில் கொட்டகைத் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக அவர் பயிற்சி செய்வதைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். நல்ல வயதெல்லாம் சயாம் மரண ரயில் பாதை போடுகிற வேலையில் போயிற்று. திரும்பி வந்து கொஞ்ச நாள் சண்டை போட்டார், ஜெயித்தார், தோற்றார், நிறுத்திவிட்டார். எல்லோரும் அவ்வளவுதான் என்று நினைத்தோம். நாட்டுக்குச் சுதந்திரம், எங்கள் மெர்டேக்கா, கிடைத்த கொஞ்ச நாளில், பூங்காவை நடத்திய சீன முதலாளி, தவுக்கே, கொண்டாட்டத்துக்கு ஒரு பெரிய சண்டை வைக்கப் போவதாக விளம்பரம் செய்தார். சுவரொட்டியில் மேலே யங் லிம், மூவார் பையன், இருபது வயது இருக்கும், இரண்டு வருடமாகத் தோற்றதே இல்லை. கீழே பார்த்தால் பேட்லிங் மணியம்! பத்து ரவுண்டு. நடுவர் நான்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போனேன். அண்ணன் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காதர் பாய். பட்டணத்தில் கயிறும் சாக்கும் விற்கிற கடை வைத்திருந்தவர். முதல் சண்டையிலிருந்து மணியம் அண்ணனுக்குக் கார்னரில் நிற்கிறவர் அவர்தான். இருவரும் ஒரே வயது, கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி இருக்க மாட்டார்கள்.

"அண்ணே, எதுக்கு இந்த வேலை? பேர் இருக்கு, போதும்ல?" என்றேன்.

அவர் கயிற்றை நிறுத்தவில்லை. "என்னா பேர் தம்பி? கப்பில எல்லாம் வெள்ளக்காரன் ராஜா மூஞ்சி. நான் செயிச்சதெல்லாம் அவன் கொடிக்குக் கீழ. இப்ப நம்ம கொடி ஏறியிருக்குல? அதுக்குக் கீழ ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நான் எறங்கிடுறேன்."

"லிம் பொல்லாத பையன் அண்ணே."

"தாப்பாலா, பரவால்ல!" என்று சிரித்தார். "நீ மட்டும் ஆறை விட்டுட்டு எண்ணாத."

காதர் பாய் சிரிக்கவில்லை. வாசல் வரைக்கும் என்னோடு வந்தார். ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி நின்றார். உள்ளேயிருந்து அண்ணன் "பாய்!" என்று கூப்பிட்டதும் திரும்பிப் போய்விட்டார். நான் என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். எனக்கோ, அண்ணன் சண்டையை நாம் நடத்தப் போகிறோம் என்ற குதூகலம் தலைக்கு ஏறியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலையை எப்படிச் சொல்ல! செங், புக்கிட் ரம்பாய், குருபோங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். பல தலைமுறைக்கு முன்னாலேயே இங்கே வந்து தங்கிவிட்ட நம் ஆட்களான சிட்டிக் கம்பத்துக்காரர்கள் மேளத்தோடு வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது, "பூக்குல், மணி! பூக்குல்!" என்று மலாயில்தான் கத்துவார்கள், குத்து குத்து என்று. தார்ப்பாய்க் கூரை முழுக்க குட்டிக் குட்டியாகப் புதுக் கொடி. அண்ணன் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, மேலே தொங்கிய கொடியை அண்ணாந்து பார்த்து கிளவுஸைத் தூக்கினார். ஊரே எழுந்து நின்றது. நடுவர் அழக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனாலும் அடக்கிக்கொண்டேன்.

இரண்டு கார்னரையும் சோதிக்கிறது நம் வேலை. வாளி, பஞ்சு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சரி. காதர் பாய் தோளில் துவாலை இல்லை. கட்டம் போட்ட பழைய சாரங் துணி ஒன்று கிடந்தது. "துவாலை எங்கே பாய்?" என்றேன். "மறந்துட்டேன் சார்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டேன். துவாலை எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். முகம் துடைக்க மட்டுமா? தன் ஆள் இனித் தாங்க மாட்டான் என்றால், கார்னரில் இருப்பவர் அதைத்தான் ரிங்குக்குள் வீச வேண்டும். இருபது வருடமாகக் கார்னரில் நிற்கிறவர் அதை மறந்து வருவாரா? ஏன் தம்பிகளே, நீங்களாவது யோசித்திருப்பீர்களா?

மணி அடித்தது. ஐயோ, அந்த முதல் ஐந்து ரவுண்டு! லிம் புயலாகப் பாய்ந்தான். அண்ணன் அரை அடி நகர்வார், பையன் காற்றைக் குத்திவிட்டுப் போவான். திரும்புவதற்குள் இடது கை மூக்கில் இருக்கும். நான் ஓட்டை வழியாகப் பார்த்த அதே இடது கை! கால் மட்டும் பழைய கால் இல்லை. ஆனால் அதிகம் நடக்காமலே சண்டை போடுகிற தந்திரத்தை எங்கிருந்தோ கற்றிருந்தார். அந்தக் காலத்தில் புள்ளி போடுகிறதும் நடுவர்தான். அண்ணன் பக்கம் புள்ளி ஏறிக்கொண்டே போனது.

ஆறாவது ரவுண்டில் லிம்மின் வலது கை முழுசாக இறங்கியது. அண்ணனுக்கு வலது கண்ணுக்கு மேல். அப்போதே வீங்க ஆரம்பித்து, ஏழாவது ரவுண்டு முடிவதற்குள் கண் வெறும் கோடாகிவிட்டது. டாக்டரைத் தேடினேன். முந்தைய சண்டையில் தாடை உடைந்த பையனோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இனி எல்லாம் என் தலையில்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்ததும் கார்னருக்குப் போனேன். கூட்டத்துக்கு என் முதுகு. நெஞ்சுக்கு நேரே கையை வைத்து விரல்களை நீட்டினேன். "எத்தனை அண்ணே?"

"மூணு" என்றார் உடனே. "என்னா தம்பி, பள்ளிக்கூடம் நடத்துறியா?"

மூன்றுதான். காதர் பாய் கயிற்றுக்கு வெளியே நின்று, சாரங் துணியால் அண்ணன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டாவது ரவுண்டு முடிந்தும் கேட்டேன். "ஒண்ணு." அதுவும் சரி. எனக்கு நிம்மதியாக இருந்தது. வலது கண் மூடினால் என்ன, இடது கண் நன்றாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அண்ணன் சண்டை போடுகிற விதம் மாறியிருந்தது. இடது கிளவுஸ் எப்போதும் லிம்மின் மேல் எங்காவது பட்டுக்கொண்டே இருந்தது. தோளில், நெற்றியில், கையில். தொட்டுக்கொண்டே குத்தினார். பையன் பிய்த்துக்கொண்டு விலகினால் பின்வாங்கிப் போய் முதுகில் கயிறு படுகிற வரைக்கும் நகர்ந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். "பாருங்கலா, எப்படி வெளையாட்டுக் காட்டுறாரு!" என்று முன்வரிசையில் ஒருவர் துள்ளினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒன்பதாவது ரவுண்டு. லிம்முக்கு ரோஷம் வந்து விளாசுகிறான். கூட்டம் போடுகிற கூச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணன் இரண்டு அடி வாங்கினார், மூன்றாவதும் வாங்கினார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? கயிற்றில் சாய்ந்து நின்று, வலது கிளவுஸைத் தன் உதட்டில் வைத்து, "உஷ்ஷ்" என்றார். கூட்டத்தைப் பார்த்து! அவ்வளவு பேரும் குபீரென்று சிரித்தார்கள். அப்புறம், அண்ணன் கேட்கிறார் என்பதற்காக, எல்லோரும் வாயை மூடினார்கள். சிட்டிக் கம்பத்து மேளம்கூட நின்றது.

அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம்தான். லிம்மின் சப்பாத்து பலகையில் உரசுகிற சத்தம். வலது கையை வீசுவதற்கு முன்னால் மூக்கால் 'ஃபும்' என்று மூச்சு விடுவது லிம்மின் பழக்கம். 'ஃபும்' கேட்டது. அண்ணன் தலையைத் தாழ்த்தினார். லிம்மின் கை மேலே போனது. கீழேயிருந்து அண்ணனின் இடது கை ஏறிற்று. டமார்! மூவார் பையன் உட்கார்ந்துவிட்டான்!

அந்த மாதிரி ஒரு குத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. கூரைத் தார்ப்பாய் கிழிகிற மாதிரி சத்தம். தொப்பி பறக்கிறது, செருப்பு பறக்கிறது. எனக்கும் குதிக்க வேண்டும் போல இருந்தது. கையை நீட்டி, "அண்ணே, அந்தப் பக்கம் போங்க" என்று காலியான மூலையைக் காட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. எண்ணும்போது ஓரக்கண்ணால் அண்ணன் ஒழுங்காகப் போய் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும், தெரியும்தானே? பார்த்தேன்.

நான் கை காட்டியது இடது பக்கம். அவர் எங்கேயும் போகவில்லை, அங்கேயே நின்றார். பிறகு பின்னால் ஒரு அடி வைத்து, கயிற்றை முழங்கையால் தேடி, அதைத் தடவிக்கொண்டே போய், நேரே தன் சொந்த மூலையில் நின்றுகொண்டார். முகம் லிம் விழுந்த பக்கம்கூட இல்லை. கூட்டத்துக்கு நடுவே எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் கண் அவரை விட்டு நகரவில்லை. வாய் மட்டும் எண்ணிக்கொண்டே போனது. எட்டில் லிம் எழுந்து நின்றான். தொடரலாம் என்று கை காட்டுவதற்குள் ரவுண்டு முடிகிற மணி அடித்துவிட்டது.

கார்னருக்கு ஓடினேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தியா தம்பி? பாத்தியா?" என்றார். நான் இரண்டு விரலை நீட்டினேன். "எத்தனை?"

இந்த முறை அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, பின்னால் நின்ற காதர் பாயைப் பார்த்தேன். பாயின் வலது கை சாரங் துணிக்குள் அண்ணனின் முதுகில் இருந்தது. அவர் என் இரண்டு விரல்களை நன்றாகப் பார்த்தார். அப்புறம் என் கண்ணைப் பார்த்தார். துணிக்குள் அவர் விரல் அழுத்துவது தெரிந்தது. ஒரு முறை. இரண்டு முறை. நிற்கவில்லை. மூன்று. நான்கு.

"நாலு!" என்றார் அண்ணன், சந்தேகமே இல்லாமல்.

பாயின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

தம்பிகளே, தங்கச்சிகளே, ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும். அதிலும் பாதி போய்விட்டது. எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிற்று. அண்ணனுக்கு இடது கண் ஏற்கெனவே தெரியவில்லை. இப்போது வலதும் மூடிவிட்டது. முந்தைய இரண்டு முறையும் பாய் முதுகில் தட்டித்தான் எனக்குச் சரியான பதில் வந்திருக்கிறது. இப்போது அதே பாய் வேண்டுமென்றே தப்பாகத் தட்டுகிறார். துவாலை வீசக் கூடாது என்று அண்ணன் வாக்கு வாங்கியிருக்கிறார். வீச முடியாதவர் விரலால் என்னிடம் சொல்கிறார்.

என் கணக்குப்படி அண்ணன் தெளிவாக முன்னால் இருந்தார். பத்தாவது ரவுண்டில் கயிற்றில் சாய்ந்து, கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும், கையைத் தூக்கிவிடுவேன். அவர் கேட்ட கொடிக்குக் கீழே, அவர் கேட்ட ஒரே ஒரு வெற்றி. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு! அதே ரவுண்டில், அடிபட்டு வெறியேறியிருக்கிற இருபது வயதுப் பையனின் ஒரு குத்து அந்த வீங்கிய கண்ணில் விழுந்தால்? மூவாரில் சப்பாத்தை மாற்றி மாட்டிய மனிதரின் நினைவு வந்தது. அண்ணனை வெளியே போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினேன். சண்டை நின்றது.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. மணி அடிக்கிறவர் "அப்பா பசால்? அப்பா பசால்?" என்று, என்ன விஷயம் என்று மலாயில் கத்தினார். அண்ணன் எழுந்தார்.

"என்னா தம்பி?"

"போதும் அண்ணே. நிறுத்திட்டேன்."

"நான் செயிச்சிக்கிட்டு இருக்கேன்டா!"

"தெரியும் அண்ணே."

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்ல? நாலுதான காட்டுன? நாலு இல்லியா?"

இங்கேதான், தம்பிகளே. நிறுத்தியது பெரிய விஷயமே இல்லை, அதற்கு ஒரு கை ஆட்டினால் போதும். இந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்வது? "இல்லை அண்ணே, இரண்டு" என்றால் என் பக்கம் நியாயம் நின்றுவிடும். ஊரும் ஒத்துக்கொள்ளும். ஆனால் முதுகில் நாலு முறை தட்டியது யார் என்று அண்ணனுக்குத் தெரியும். இருபது வருடமாகத் தன் முதுகைத் துடைத்த கை தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று, கண் தெரியாத அந்த மனிதருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலுதான் அண்ணே" என்றேன். "சரியாத்தான் சொன்னீங்க."

"அப்புறம் ஏன்டா?"

"வீக்கம் அதிகமா இருக்கு. என் முடிவு."

அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எழுதினால், என்னை எழுதச் சொன்ன உங்கள் நடுவர் சங்கத்துக்காரர்கள் அச்சடிக்க மாட்டார்கள். அந்தத் திட்டைவிட, திட்டும்போது அவர் முகம் என் முகத்துக்கு நேரே இல்லாமல் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

லிம்மின் கையைத் தூக்கினேன். அவன் கையைத் தரவே இல்லை, நான்தான் இழுத்தேன். "நான் தோத்துட்டேன் சார், அவருக்குக் குடுங்க" என்று மலாயில் கெஞ்சினான். நல்ல பையன். அப்புறம் போத்தல் வந்தது, நாற்காலி வந்தது, எங்கிருந்தோ ஒரு முழு அன்னாசிப்பழம் வந்து என் காதுக்குப் பக்கத்தில் கம்பத்தில் மோதியது. தவுக்கேயின் ஆட்கள் என்னைத் தார்ப்பாய்க்கு அடியில் தவழவிட்டு வெளியே கொண்டு போனார்கள். வெள்ளைச் சட்டை போட்ட நடுவர், ராட்டினத்துக்குப் பின்னால் சேற்றில் தவழ்ந்து போகிற காட்சியை ஊர் ரொம்ப நாள் பேசியது. 'ஆறு எங்கே' என்பது மறந்தே போயிற்று.

அண்ணனைக் கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு கண்ணிலும் கட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அறை வாசலில் நின்றேன். காலடிச் சத்தம் கேட்டு, "யாரு?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த காதர் பாய், "யாருமில்ல, ஆஸ்பத்திரி ஆளு" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தார்.

வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கண் ஒரு வருடத்துக்கு முன்னால் பயிற்சியிலேயே போய்விட்டதாம். வலது கண்ணுக்குள்ளேயும் ஏதோ கிழிந்திருக்கிறது, இன்னொரு அடி பட்டிருந்தால் அறுவைச் சிகிச்சைக்கே வேலை இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இப்போதும் கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்றார்.

"நான் சொல்லிடுறேன் தம்பி" என்றார். "ஊருல உங்களைக் காறித் துப்புறாங்க. லைசென்ஸை வேற நிறுத்தி வச்சிட்டாங்களாம்ல? நான்தான் தப்பாத் தட்டுனேன்னு மணியத்துக்கிட்ட சொல்லிடுறேன்."

"சொன்னா உங்களை விரட்டிடுவாரு பாய்."

"விரட்டட்டும்."

"அப்புறம் யாரு கஞ்சி ஊட்டுறது? கண்ணு வரலன்னா யாரு கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போறது? நானா? என் சத்தத்தைக் கேட்டாலே கட்டிலை விட்டுக் குதிப்பாரு."

பாய் சிரிப்பும் அழுகையுமாக நின்றார். "உங்களுக்கு வீண் சுசா, வீண் தொல்லை தம்பி" என்றார்.

"தாப்பாலா" என்றேன்.

லைசென்ஸை நிறுத்தி வைத்தது ஆறேழு மாதம். விசாரணையில் பெரிய மனிதர்கள், "பதில் சரியாகச் சொன்னவரை ஏன் நிறுத்தினாய்?" என்று குடைந்தார்கள். வீக்கம் என்று மட்டும் சொன்னேன். அவசரக்காரன் என்று தீர்மானித்தார்கள். இன்று அண்ணனும் இல்லை, பாயும் இல்லை. அதனால்தான் உங்களிடம் வாயைத் திறக்கிறேன். உங்கள் கேள்விகளெல்லாம் பழைய சாம்பியன்களுக்கு மனப்பாடம். எத்தனை விரல், எந்த ஊர், எத்தனாவது ரவுண்டு, எல்லாவற்றுக்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அவர்கள் வாயைப் பார்க்காதீர்கள். காலைப் பாருங்கள், கயிற்றைப் பாருங்கள், பின்னால் நிற்கிறவரின் முகத்தைப் பாருங்கள். நிறுத்திய பிறகு உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிற ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதைச் சொன்னால் யாருக்கு வலிக்கும் என்று யோசித்துவிட்டுப் பேசுங்கள். பழியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறதும் நம் வேலையில் சேர்த்திதான், தங்கச்சிகளே. சம்பளத்தில் அதற்குத் தனியாக ஒன்றும் தர மாட்டார்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கட்டைப் பிரித்தார்களா, கண் வந்ததா என்று யாரிடம் கேட்பது? என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அண்ணன் வீட்டுப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை. பாயும் கடைக்கு வரவில்லை. நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதே நினைப்புதான். அலுவலகத்தில் தப்புத் தப்பாக எழுதித் துரையிடம் திட்டு வாங்கினேன்.

ஒரு நாள் காலை, காஜா பேராங் சாலையில் ஒட்டுக்கடையில் நின்று பசியாறிக்கொண்டிருந்தேன். சாலை அங்கே ரொம்ப தூரம் நேராகப் போகும். அந்தக் கோடியில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. ஒருவர் சாரங், வெள்ளைத் தொப்பி. காதர் பாய். இன்னொருவரின் நடையைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். பாய் அவர் கையைப் பிடித்திருக்கிறாரா என்று உற்றுப் பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் தெரியவில்லை!

திடீரென்று அண்ணன் நின்றார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, நேரே ஒட்டுக்கடைப் பக்கம் பார்த்தார். பாயிடம் ஏதோ சொன்னார். பிறகு பாயின் கையைத் தட்டிவிட்டு, வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டு, விடுவிடுவென்று தானே சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

நான் கடைக்குள்ளேயே ஒரு குதி குதித்தேன். கோப்பை கவிழ்ந்து தேத்தண்ணி சட்டையெல்லாம் கொட்டியது.

"என்னா கிராணி, பைத்தியமா?" என்றார் கடைக்காரர். "அவரு உங்களைப் பாத்துட்டு அந்தப் பக்கம் ஒதுங்கிப் போறாரு. நீங்க குதிக்கிறீங்க?"

"பாத்துட்டாருல்ல?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நீங்களும் கவனிச்சீங்கல்ல? அங்கேருந்தே பாத்துட்டாருலா!"

அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த காலம் முழுக்க, நான் எவ்வளவு தூரத்தில் வந்தாலும், அண்ணன் ஒரு முறைகூடத் தவறாமல் சாலையைக் கடந்தார்.